லான்ஸ் நாயக் மாசிலாமணியின் காலாவதித் தேதி

லான்ஸ் நாயக் மாசிலாமணி எங்கள் மருந்தகத்தில் மூன்றாவது அலமாரியின் இரண்டாம் தட்டில் இருந்தார். காய்ச்சலுக்காக வந்தவர். எழுத்தர் அவர் பெயரை நோயாளிப் பதிவேட்டில் எழுதாமல் மருந்து இருப்புப் பதிவேட்டில் எழுதிவிட்டார். எங்கள் ராணுவ மருத்துவமனையில் ஒன்றை எழுதிவிட்டால் அடிக்க முடியாது. குளுக்கோஸ் பாட்டில்களை ஒதுக்கி அவருக்கு இடம் செய்து கொடுத்தோம்.

அவருடைய காலாவதி இன்று மாலை நான்கு மணிக்கு.

நான் சுபேதார் தணிகைவேல், மூத்த மருந்தாளுநர். பதினொரு வருடமாக விடுப்பு எடுக்கவில்லை. விடுப்புப் படிவத்தில் ‘திரும்பி வருபவர் பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரிந்ததில்லை.

காலையில் மேஜர் இம்மானுவேல் இரண்டு படிவங்களோடு வந்தார். ஒன்று, காலாவதியானதை எரிப்பதற்கு. மற்றது, என் தலைமைப் பண்பை மதிப்பிடுவதற்கு. முதலாவதில் நான் கையெழுத்துப் போட்டால், இரண்டாவதில் அவர் ‘உண்டு’ என்று எழுதுவார்.

“போடுங்க சாப்.”

“அவர் மனுஷன் சார்.”

“பதிவேட்டுல என்ன இருக்கு?”

“எண்ணிக்கை ஒண்ணு. மாநிறம். குலுக்கிக் கொடுக்கவும்னு இருக்கு.”

“அப்புறம் என்ன?”

மாசிலாமணி தட்டிலிருந்து தலையை நீட்டினார். “கொஞ்சம் தண்ணி கிடைக்குமா சாப்?”

மேஜர் அவரைக் கூர்ந்து பார்த்து, ‘கசிவு இல்லை’ என்று குறித்துக்கொண்டார்.

ஹவில்தார் செங்குட்டுவன் என்னை ஓரமாக அழைத்தார். “நான் போட்டுடறேன் சாப். பழி என்மேல இருக்கட்டும்.” இளைய மருந்தாளுநர் பிரிசில்லா ஒரே மாத்திரை அட்டையை ஐந்தாவது முறையாக எண்ணிக்கொண்டிருந்தார். அதில் பத்துதான் இருந்தன.

“வேண்டாம். என் கைதான் போடணும்,” என்றேன். மேஜரிடம், “எரிக்கிற இடத்தைப் பாத்துட்டுதான் கையெழுத்து” என்றேன். விதியில் அப்படி ஒன்று இருக்கலாம் என்று அவரும் தலையாட்டினார்.

மாசிலாமணியைத் தள்ளுவண்டியில் ஏற்றினேன். எரியூட்டி, தாழ்வாரத்தின் கோடியில் நாற்பது அடி தூரத்தில் இருந்தது. ஒரு மணிக்குப் புறப்பட்டோம். மூன்று மணிக்கும் அது நாற்பது அடி தூரத்தில் இருந்தது.

“நான் இறங்கி நடக்கட்டுமா சாப்? உங்களுக்கு முதுகு வலிக்கும்.”

“மருந்து நடக்காதுப்பா.”

முதுகு வலித்தது. நின்றேன். இருப்பிலிருந்து ஒரு மருந்து வெளியேற இரண்டு வழிகள் உண்டு. எரிக்கலாம். வழங்கலாம். முப்பது வருடமாக இரண்டாவதைத்தான் செய்துவருகிறேன்.

“ஊர்ல யாரு இருக்கா?”

“பூங்கோதை சாப். என் வீட்டுக்காரி. ஊரு கந்திலி.”

சட்டைப் பையிலிருந்து லேபிளை எடுத்து எழுதினேன். பெறுபவர்: பூங்கோதை. தினம் மூன்று வேளை, உணவோடு. குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்கவும். மாசிலாமணியின் நெஞ்சில் ஒட்டி, ‘வழங்கப்பட்டது’ என்று முத்திரை குத்தினேன்.

தாழ்வாரச் சுவரில் மருந்து கொடுக்கும் ஜன்னல் திறந்தது. வெளியே ஒரு பெண் துணிப்பையோடு நின்றிருந்தாள்.

“எத்தினி நாளைக்கு சார்?”

“தீர்ற வரைக்கும்மா.”

“பத்தியம் ஏதாச்சும்?”

“ரொம்ப நேரம் வெயில்ல வைக்காதீங்க.”

மாசிலாமணி ஜன்னல் வழியாக இறங்கினார். அலமாரிக் குளிரில் அவர் விரல்கள் வெளுத்திருந்தன. அவள் அவற்றைத் தன் இரு கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே கூட்டிப் போனாள்.

நான்கு மணிக்கு மேஜர் வந்தார். வண்டி காலியாக இருந்தது.

“எங்க?”

“வழங்கிட்டேன் சார்.”

“யாரு அனுமதி?”

“நான்தான். செங்குட்டுவனுக்கும் பிரிசில்லாவுக்கும் இதுல சம்பந்தம் இல்ல. அப்படியே எழுதிக்குங்க.”

அவர் இரண்டாவது படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். மை காயும்வரை ஊதினார். ஆனால் போகவில்லை. தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் அது பதிந்த தடம் ஆழமாக இருந்தது.

“சாப், பாளையங்கோட்டையில எங்க வீட்டுல…” என்று தொடங்கி நிறுத்தினார். “எனக்கு எத்தனை வேளைன்னு போடுவீங்க?”

“நீங்க இருப்புலயே இல்லையே சார்.”

“எழுதுங்க.”

எழுதினேன். அவருக்குப் பின்னால் கர்னல் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு சமையல்காரர்கள். அப்புறம் நீலச் சட்டை போட்ட நோயாளிகள், வாசல் காவலர், எழுத்தர். தாழ்வாரம் அத்தனை பேரையும் கொள்ளும் நீளத்தில் இருந்தது.

பிரிசில்லா புது லேபிள் கட்டைப் பிரித்தார். செங்குட்டுவன் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

“உங்களுக்கு ஒண்ணு எழுதிடவா சாப்?” என்று கேட்டார்.

“இவங்க போகட்டும்.”

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும். பேனாவை உதறிக்கொண்டேன்.

“அடுத்தவர்,” என்றேன்.