கொளஞ்சி டீச்சருக்குக் கொடுத்த ஓய்வு

பொன்னாடைகளின் அடியில் கொளஞ்சியம்மாளுக்கு வியர்த்துக் கொட்டியது. விருத்தாசலத்தில் சலங்கை கட்டிய பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் அவரிடம் முழங்கால் மடக்கி அரைமண்டி பழகியவர்கள்; அதற்காகத்தான் இந்தப் பாராட்டு விழா. மேடையில் இருந்த பெரியவர்கள் ஒருவருக்கும் அரைமண்டி என்றால் என்னவென்று தெரியாது. அதனால் பேச்சு தங்குதடையில்லாமல் ஓடியது. ஒருவர் அவரைத் தவம் என்றார், அடுத்தவர் ஆலமரம் என்றார். பெண்ணாடத்துக்காரர் ஒருவர் கரும்பு விலையைப் பற்றி வெகுநேரம் பேசிவிட்டு, மறக்காமல் "கலை வாழ்க" என்று முடித்தார்.

மேடைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் ஒப்பனையோடு காத்திருந்தார்கள். நேரமிருந்தால் அவர்கள் ஆடலாம் என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தது.

கடைசியாக விழாத் தலைவர் தேவநாதன் எழுந்தார். பியூஸ் கட்டை செய்யும் பீங்கான் கம்பெனி முதலாளி. அவருடைய கடை மாடியில்தான் இத்தனை வருஷமாக வகுப்பு நடக்கிறது; அவர் அப்பா கொடுத்த இடம். நினைவுப் பரிசாகத் தம் கம்பெனியில் சுட்ட நாட்டிய பொம்மை ஒன்றைக் கொடுத்தார். அது முழங்காலை மடக்காமல், பஸ்ஸுக்கு நிற்பவள் போல நின்றது. "மடக்குடி" என்று வாய்வரை வந்ததை டீச்சர் விழுங்கிக்கொண்டார்.

"இந்த வயசுல டீச்சரு படி ஏறிக் கஷ்டப்படறத எம்மனசு தாங்கலீங்க" என்றார் தேவநாதன். "இன்னையிலேருந்து அவங்களுக்கு ஓய்வு. இப்ப மாடி சாவிய அவங்க கையாலயே என்கிட்ட ஒப்படைப்பாங்க."

கூட்டம் கைதட்டியது. போட்டோக்காரர் முன்னால் வந்து குனிந்தார்.

பழைய மாணவி சண்முகப்ரியா காலையில் போன் செய்து, "சாவிய எடுத்துட்டு வாங்க டீச்சர், சாமி படத்துகிட்ட வெக்கணுமாம்" என்றது எதற்கு என்று இப்போது விளங்கியது. முன்வரிசையில் சண்முகப்ரியா செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடி போனால் வகுப்பு போயிற்று. மிஞ்சுவது பொன்னாடைகள்தாம், அவற்றின்மேல் பிள்ளைகளை நிறுத்தி ஆடச் சொல்ல முடியாது.

மைக் இரைந்தது. தேவநாதனின் கை நீட்டியபடியே இருந்தது, சிரிப்பும்தான்.

"சாவி எனக்கு வேணுங்க" என்றார் டீச்சர். "நாளைக்குக் கிளாஸ் இருக்குது."

கூட்டம் அதற்கும் கைதட்டியது. அன்று எதற்கும் தட்டிக்கொண்டிருந்த கூட்டம். தேவநாதனும் தட்டவேண்டியதாயிற்று.

தட்டி முடித்ததும் மைக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார். "சரக்கு வெக்க எடமில்ல டீச்சர். கொஞ்சம் புரிஞ்சிக்குங்க."

"அத நேரா வந்து சொல்லியிருக்கலாமே தம்பி. எதுக்கு இத்தினி பொன்னாட?"

"மரியாதையா இருக்கட்டும்னுதான்..."

"இருந்துது, இருந்துது." டீச்சர் பொன்னாடைகளைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "புள்ளைங்களா, வாங்க. இங்க நேரமில்லியாம். மாடியில ஆடலாம்."

கடை அடுத்த தெருதான். முகச்சாயத்தோடு பிள்ளைகள் போக, பார்த்தால்தான் ஆச்சு என்று தாய்மார்களும் பின்னால் போனார்கள். ஓய்வு கொடுக்கப்பட்டவர் நடுப்படியில் நின்று மூச்சு வாங்கினார், பிறகு ஏறினார்.

எல்லாருக்கும் கடைசியாக ஏறியவள் சலங்கை கட்டிய கனிஷ்கா, தேவநாதனின் பேத்தி. பின்னாலேயே கடைவரை வந்துவிட்ட அவரிடம், "தாத்தா, முடிஞ்சதும் சொல்றேன், இங்கயே இரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேலே காலடி அதிரத் தொடங்கியது. கீழே கடையில் சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே தேவநாதன் உட்கார இடம் தேடினார்.