வீண் என்று எழுதிய நேரம்

1908ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை, பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஞானசிகாமணியின் வீட்டுக்கு மட்டும் மாலை நாலேகால் மணி வரவில்லை. நாலு மணி பதினாலு நிமிஷத்துக்கு அடுத்தபடி நாலரை வந்தது. கருப்பட்டிக் காப்பிக்குத் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு நிமிர்ந்த அவர் மனைவி சாலோமி, பாத்திரம் வற்றிக் கருகிக் கிடப்பதைக் கண்டாள். இடையில் கண் இமைத்ததாகக்கூட அவளுக்கு நினைவில்லை.

ஞானசிகாமணி அச்சுக்கூடம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே பிழை திருத்திக் கொடுப்பவர். வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் அகராதி ஒன்றை ஒன்பது வருஷமாக எழுதிவந்தார். இன்னும் 'க' வரிசை முடியவில்லை. முந்தின நாள் அவருக்கு நாற்பது வயது நிறைந்தது. மீதி எழுத்துகளை எண்ணிப் பார்த்தபோது, இதே நடையில் போனால் 'வ' வருமுன் தாம் கல்லறையில் இருப்போம் என்று புரிந்தது. அன்றைக்கே ஒரு நீள நோட்டில் நாளைத் தொண்ணூற்றாறு கட்டங்களாகக் கோடு போட்டார். கட்டத்துக்குக் கால்மணி. செய்ததைக் கறுப்பு மையில் எழுதி, உதவாததற்குச் சிவப்பு மையில் 'வீண்' என்று குறித்தார். முதல் வீண், காப்பி குடித்தபடி சாலோமியோடு பேசியிருந்த நாலேகால் மணி. அப்படிக் குறித்த கால்மணி மறுநாளிலிருந்து அந்த வீட்டுக்கு வராது என்பது பிறகுதான் தெரியவந்தது.

எதிர்வீட்டு அன்னத்தாய் மோர் விற்பவள். கிணற்றடியில் சாலோமியை ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மோர் கொண்டாந்தேன். கதவு திறந்து கெடக்கு, உள்ள ஒரு ஆள் இல்ல. உத்தரத்துல கயிறு மட்டும் தொங்குது, தூளியும் இல்ல, பிள்ளையும் இல்ல. பதறிப்போயி நிக்கேன். பொசுக்குனு மூணு பேரும் இருக்கிய."

சாலோமி அன்றிலிருந்து மகள் லில்லியை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. லில்லிக்கு அப்போது நாலு மாதம்.

மார்கழிக்குள் அந்த வீட்டின் நாள் பதினேழு மணி நேரமாகிவிட்டது. திண்ணென்று உட்கார்ந்து எழுதும் நேரமே மிஞ்சியதால் அகராதி 'ச'வைத் தாண்டியது. அச்சுக்கூடத்தார் மெச்சிக் கடிதம் போட்டார்கள். ஆனால் நேரம் போனாலும் பசி போகவில்லை. காலையில் சாலோமி பிள்ளையை மார்பில் சேர்க்கப் போவாள்; சேர்ப்பதற்குள் உச்சிவெயில் முற்றத்தில் விழுந்திருக்கும். மார்பு கல்லாகக் கட்டி வலிக்கும். பிள்ளை நீலம் பாரித்த உதட்டோடு, அழவும் தெம்பில்லாமல் பார்க்கும். ஒரு தரம் அவர் குளிக்கப் போன சமயம் சாலோமி நோட்டை நனைத்துச் சிவப்பு மையை அழித்தாள். மை போயிற்று, நேரம் திரும்பவில்லை.

தை மாதம் ஒரு நாள், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் நோட்டை எட்டிப் பார்த்தாள். முந்தின நாளின் இரண்டு மணியிலிருந்து ஏழு மணிவரை இருபது கட்டங்களிலும் 'பிள்ளை அழுகை - வீண்' என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றே முக்காலைத் தாண்டியிருந்தது; இரண்டுக்குச் சில நிமிஷமே.

"அஞ்சு மணி நேரத்த அடிச்சிட்டீங்களே. பிள்ள எப்பம் பால் குடிக்கும்?"

"ஏழு மணிக்குக் குடு. ஏழு இருக்குல்லா" என்றார் அவர். சோற்றைப் பிசைந்தபடி, தலை நிமிராமலே, "இன்னும் 'த'வுக்கே வரல, சாலோமி. எனக்குப் பயமாருக்கு" என்றார்.

"எனக்குந்தான்" என்று சொல்லிவிட்டு அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். வேறொன்றும் எடுக்கவில்லை. இரண்டு அடித்தால் தன்னையும் பிள்ளையையும் விழுங்கிவிடும் என்று கடிகாரத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தாள். தெருவில் இறங்கி நிமிர்ந்தால் அவர் வாசற்படியில் நின்றிருந்தார், சோற்றுக் கையோடு. கூப்பிட வாயெடுத்தார். பள்ளிக்கூடத்தில் இரண்டு மணி அடித்தது. வாசற்படி வெறுமையாயிற்று.

சாலோமி அன்னத்தாய் வீட்டிலேயே தங்கினாள். அங்கே எல்லா மணியும் ஒழுங்காக வந்தது. லில்லி பத்தே நாளில் தேறிவிட்டாள். சாலோமி பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுக்கப் போனாள். எதிரே ஞானசிகாமணி உலாவும் நேரத்தை அடித்தார், குளியலை அடித்தார், ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்க்கும் நேரத்தை அடித்தார், கடைசியில் தூக்கத்தையும் அடித்தார். 1914இல் அகராதி முடிந்தது. முடிந்த அன்று செய்ய வேலை இல்லாமல், பழக்கத்தில், மிச்சமிருந்த கட்டங்களிலும் வீண் என்று எழுதினார். ஒன்றே முக்கால் மணிக் கட்டத்தில் மட்டும் எழுதவில்லை. சாலோமி போன நாளிலிருந்து அந்தக் கட்டத்துக்கு வரும்போதெல்லாம் பேனா முனையில் மை காய்ந்துகொண்டிருந்தது.

ஆக, தினமும் ஒன்றே முக்காலிலிருந்து இரண்டு மணிவரை ஞானசிகாமணி இருந்தார். தபால்காரர் அந்த நேரம் பார்த்துக் கடிதம் கொடுத்தார். போதகர் மாதம் ஒருமுறை வந்து சுருக்கமாக ஜெபம் செய்தார். சாலோமி சோறு கொண்டுபோவாள். ஒரு நாள் பசி முழுவதையும் அவர் அந்தக் கால்மணியில் தின்பார். ஆறு வயது லில்லி சிலேட்டைக் காட்டுவாள். ஒருநாள் அவர், "இன்னுங் கொஞ்சம் இரியேன்" என்று மகளிடம் கேட்டார். இரண்டு அடித்தால் பிள்ளையும் மறைந்துவிடும் என்று சாலோமி அவளை வெளியே இழுத்துக்கொண்டாள். அதிலிருந்து மகளை வாசல் நடைக்கு இப்பால் நிறுத்தி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே பேசவிட்டாள். பள்ளிக்கூட மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே இருவரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

மற்ற வீடுகளில் அப்பாமார் நாள் பூராவும் இருப்பதை லில்லி விநோதமாகப் பார்த்தாள். அவளுடைய அப்பா சாப்பிட்ட தட்டை அவளும் சாலோமியும் மறுநாள் ஒன்றே முக்காலுக்குத்தான் எடுத்துக்கொள்வார்கள்.