பச்சைக்கு வந்த ஆணி

வெந்நீர் மூன்றாம் முறையாக ஆறிக்கொண்டிருந்தது. அசோகன் சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நொண்டிப் போய் ஸ்டவ்வை மறுபடி பற்றவைத்தான். சனிக்கிழமைகளில் மனைவி ருக்மிணிக்கு இரண்டு மணிக்கு ஷிப்டு முடியும். அவள் ஆயாவாக இருக்கும் காக்ஸ் டவுன் நர்சிங் ஹோமிலிருந்து லிங்கராஜபுரத்துக்கு நடந்தே வந்தாலும் அரை மணிதான். இப்போது நாலாகப்போகிறது. அவன் வேலை பார்க்கும் பட்டறைக்குப் போய் லீவைப் பற்றிப் பேசிவிட்டு வருவதாகக் காலையில் சொல்லியிருந்தாள்.

வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தான். உள்ளே போனான். கட்டிலில் உட்கார்ந்தான். திரும்பவும் எழுந்தான்.

வாசற்படியில் பச்சை படுத்திருந்தது. பெயர்தான் பச்சை, வெள்ளைக் கோழி. சாயத்தில் முக்கி விற்ற குஞ்சுகளில் ஒன்றை, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ருக்மிணி பஸ் ஸ்டாண்டில் வாங்கி வந்தாள். சாயம் ஒரு மாதத்தில் போய்விட்டது, பெயர் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை குழம்பு எப்போது என்று கேலியாகக் கேட்டதற்கு அவள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ராத்திரி தண்ணீர் டிரம்மின் மேல் தூங்கும். விடிந்ததும் அங்கிருந்து கல்தரையில் தொப்பென்று குதிக்கும். நாலு நாளாக இடது காலை ஊன்றவில்லை. பாதத்தின் அடி வீங்கி, நடுவில் கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

அசோகன் தன் கட்டுப்போட்ட வலது காலைப் பார்த்தான். பன்னிரண்டு நாள் ஆகிறது. ஏற்றுமதிக்கு மரப்பெட்டி அடிக்கும் பட்டறையில், குப்புறக் கிடந்த பலகையை மிதித்தான். செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியை அவனே பிடுங்கி எறிந்துவிட்டு ஆபீஸ் அறைக்குத் துள்ளித் துள்ளிப் போனான். பட்டறையில் தமிழர்கள் உட்பட எல்லாருக்கும் இரும்பாணி என்பது கன்னட மொளெதான். பன்னிரண்டு வருஷமாக அவனும் அப்படித்தான் சொல்லி வந்தான். அன்று வலியில் வாய் வீட்டுப் பேச்சுக்குப் போய்விட்டது.

"கால்ல ஆணி சார்," என்றான்.

குமாஸ்தா கிருஷ்ணப்பா கன்னடக்காரர். அவர் மொழியில் ஆணி என்றால் பாதத்தில் காய்த்து வளருவது. தனக்கே இரண்டு இருப்பதாகச் சொன்னார். மருந்துக்கடையில் அதற்குப் பிளாஸ்திரி கிடைக்கும் என்றார். பிறகு லீவுப் புத்தகத்தில் அதையே காரணமாக எழுதி, காட்டிய இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கன்னடம் பேசத் தெரிந்த அசோகனுக்குப் படிக்கத் தெரியாது. வேலையில் பட்ட அடிக்குக் கொடுக்கும் லீவு தனக்கு இல்லை என்பதே முந்தாநாள்தான் தெரிந்தது.

ருக்மிணி வந்தாள். செருப்பை விட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். சிஸ்டர் கண்டும் காணாமல் விட்ட பஞ்சையும் கட்டுத்துணியையும் பையிலிருந்து எடுத்து வைத்தாள்.

"கோழியப் புடி."

பழைய துண்டில் பச்சையைச் சுற்றி, தலையையும் மூடி மடியில் வைத்துக்கொண்டான். இருட்டானதும் அது அடங்கியது. உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரில் அதன் காலை ருக்மிணி பிடித்துக்கொண்டாள். கால் மணி நேரம் ஊறவிட்டாள். துண்டுக்குள் கோழியின் நெஞ்சு அடித்துக்கொள்வது அவன் தொடையில் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொருக்கு ஊறியதும் பஞ்சால் மெல்லச் சுற்றி அழுத்தினாள். கோழி ஒருமுறை உதறியது. மிளகளவு கறுப்புத் தக்கை ஒன்று, அடியில் வெளுத்த வேரோடு, வெளியே வந்தது. அதை விரல் நுனியில் ஏந்தி அவனிடம் காட்டினாள்.

"பாத்தியா, இதாய்யா ஆணி. புஸ்தகத்துல உன் பேருக்கு நேரா இருக்கறது இதான்."

"மொளென்னு சொன்னியா?"

"சொன்னேன். கிருஷ்ணப்பா ஐயோன்னு பேனாவக்கூட எடுத்துட்டாரு. மொதலாளி வுடல. லேபர் ஆபீசர் பாத்துக் கையெழுத்துப் போட்ட புஸ்தகமாம், அடிச்சு எழுதக் கூடாதாம்." குழியை உப்பு நீரால் கழுவினாள். "பன்னெண்டு வருசம் மொளெ அடிச்சவனுக்கு மொளென்னு சொல்ல வராதான்னு கேட்டாரு."

அசோகன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"கால்ல ஆணி இருக்கறவங்க எல்லாம் லீவா போடறாங்கன்னாரு. திங்கக்கெழமை நீ வரலன்னா, வேற ஆள் ரெடியா இருக்குதாம்."

அயோடின் தடவினாள். விரல்களுக்கு இடையே துணியை விட்டு விட்டுச் சுற்றி, இறுக்கம் பார்த்து, முடிச்சுப் போட்டாள். அது அவள் தினமும் செய்யும் வேலை. கை தானாகப் போனது.

"பத்து நாளைக்கு இது தரையில கால வெக்கக் கூடாது. டிரம்மு மேல ஏற வுடாத. மெத்துனு எதுனா போட்டு வெய்யி," என்றாள்.

பிறகு அதே பஞ்சுச் சுருளிலிருந்து பிய்த்து அவன் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பழைய கட்டை அவிழ்த்தாள். இன்னும் நீர் கசிந்தது. அவனுக்கு எத்தனை நாள் என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை, அட்டைப்பெட்டியில் மரச்சீவலைக் கொட்டிப் பரப்பி, குழி பண்ணி, பச்சையை அதில் உட்கார வைத்தான். பட்டறையிலிருந்து எப்போதோ அடுப்புக்கென்று கொண்டுவந்த சீவல். மேலே கூடையைக் கவிழ்த்தான். கட்டு தெரியாதபடி காலைப் பழைய கேன்வாஸ் ஷூவுக்குள் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

பட்டறையில் நின்றுதான் அடிக்க வேண்டும். பதினோரு மணிக்குள் ஷூவுக்குள் ஈரம் தெரிந்தது. வலது காலை நுனியில் மட்டும் தொட்டபடி இடது காலில் நின்றான். எல்லாரையும் போல ஒரு பிடி ஆணிகளை எடுத்து உதடுகளுக்கு நடுவே கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக உருவிப் பலகையில் இறக்கினான்.

முதலாளி சுற்றி வந்தார். பின்னால் கிருஷ்ணப்பா புத்தகத்தோடு வந்தார். அசோகனின் மேசையருகே இருவரும் நின்றார்கள். கிருஷ்ணப்பா அவன் காலைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். என்ன வார்த்தை சொல்வதென்று ஒரு கணம் தயங்கினார்.

"ஏனு அசோகா," என்று பரிவாகவே கேட்டார், "ஆணி வாசி ஆய்த்தா?"

குணமாகிவிட்டதா என்று முதலாளியும் அவன் முகத்தைப் பார்த்தார். அசோகனின் வாயில் இன்னும் ஐந்து மொளெ இருந்தன. ஆமென்று தலையை ஆட்டினான்.