நான்கு மணி வண்டி

கடிகார வாரின் கொக்கி மூன்றாவது துளையில் இறுகிக் கிடந்தது. ஒரு கையால் அவர் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் அதைக் கழற்றப் பார்த்தாள் டைம்கீப்பரம்மா. அசைவேனா என்றது. குளிக்கப் போகும்போதுகூடக் கழற்றாத மனுஷர். "விடுங்களேன், இனிமே எந்த வண்டிக்கு நேரம் பாக்கப் போறீங்க" என்று முனகிக்கொண்டே நகத்தால் நெம்பினாள். வார் விட்டுக்கொடுத்தது. கழற்றிய கடிகாரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் கையிலேயே கட்டிக்கொண்டாள். வளையல் மாதிரி தொளதொளவென்று தொங்கியது.

விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். எழுபத்தேழு வயது. முந்தைய இரவு சாப்பிட்டு, கதவைத் தாழ்போட்டு, "நாளைக்கு நிறைய வேலை இருக்கு" என்று சொல்லிப் படுத்தவர். ஏழு மணிக்கு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இப்படிப் போறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்மா" என்றார். அழுகை வந்தது, அழுதாள். அழுது முடித்தபோது டாக்டர் சொன்னது சரிதான் என்றே பட்டது. ஐம்பது வருஷத்தில் ஒரு நாள்கூட யாரையும் காக்க வைக்காத மனிதர், கடைசியிலும் யாரையும் காக்க வைக்கவில்லை.

தலையணைக்கு அடியில் அவருடைய போன் கிர்ரென்று அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள்.

"கடைசி நினைவூட்டல். எங்கள் சேவை நிறுத்தப்படுகிறது. இன்று மாலை ஆறு மணிக்கு மேல் உங்கள் தளத்திலிருந்து எதையும் எடுக்க முடியாது. அதன்பின் இரண்டு நாளில் அனைத்தும் அழிக்கப்படும்."

"அய்யய்யோ, அந்தச் சக்களத்தி!" என்றாள். கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சக்களத்தி என்பது அவருடைய வெப்சைட். பஸ் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் டைம்கீப்பராக இருந்து, எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதிக்கொண்டே இருந்தவர், ஓய்வு பெற்ற மறுவாரமே ஆரம்பித்தது அது. ஊர் வழியாகப் போகும் இருநூற்றுப் பன்னிரண்டு வண்டிகளின் நேரமும் அதில் உண்டு. நேரம் மட்டுமா? இந்த வண்டி பால்பண்ணைத் திருப்பத்தில் மூன்று நிமிடம் நிற்கும், அந்த வண்டியில் கடைசி சீட்டில் மழை ஒழுகும் என்று ஒவ்வொன்றின் ஜாதகமும் இருக்கும். அதற்கு மேலே 'இன்றைய நிலவரம்' என்று ஒரு கட்டம். பத்தொன்பது வருஷமாக ஒரு நாள் விடாமல் அதில் எழுதினார். காய்ச்சலிலும் எழுதினார், மகள் கல்யாணத்தன்றும் எழுதினார். பிறகு சக்களத்தி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வாள்?

வெப்சைட் என்றால் அதுவும் எங்கேயாவது ஒரு கம்ப்யூட்டரில் குடியிருக்க வேண்டுமாம். ஹோஸ்டிங் என்று அதற்கு இடம் கொடுக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. இத்தனை வருஷம் இடம் கொடுத்த கம்பெனி இப்போது கடையைக் கட்டுகிறது. புது இடம் பார்க்க இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக்கூட அவ்வளவு நாள் ஆகவில்லை. ஒவ்வொரு கம்பெனியின் உதவி எண்ணுக்கும் போன் போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இப்ப மணி என்னங்க?"

முதல் கம்பெனியில் பதினான்கு நிமிடம் பாட்டுப் போட்டார்கள். இரண்டாவதில் ஒரு பையன் "எந்த நாட்டு நேரம் சார்?" என்றான். மூன்றாவதில் "உங்க போன்லயே இருக்குமே சார்" என்று வைத்துவிட்டார்கள். நாலாவதில் ஒரு பெண் எடுத்தாள். "பதினொண்ணு நாப்பத்தாறு சார். ஆனா எங்க ஆபீஸ் கடிகாரம் ரெண்டு நிமிஷம் முன்னாடி ஓடும். நீங்க நாப்பத்திநாலுன்னே வெச்சுக்கோங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டு, "இங்கதான்" என்றார் அவர்.

"வேகம் எப்படி, இடம் எவ்வளவுன்னெல்லாம் கேக்க வேண்டாமாப்பா?" என்றாள் மகள்.

"தன் கடிகாரம் தப்புன்னு தானே சொல்றவ, தன் மெஷின் படுத்தாலும் சொல்லுவா. அது போதும்."

கணக்குத் திறந்து, கட்ட வேண்டியதைக் கட்டி, எல்லாம் முடித்தார். சாமானை மட்டும் மாற்றவில்லை. பத்து நாள் இருந்தது. "சட்டுபுட்டுனு மாத்திட வேண்டியதுதானே" என்று அவளே கேட்டாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் நிலையத்தில் தாமதமாகக் கிளம்பும் டிரைவரைக்கூட மன்னித்துவிடுவார். முன்கூட்டிக் கிளம்புகிறவனை மன்னிக்கவே மாட்டார். ஓடி வருகிறவர்களை விட்டுவிட்டுப் போகிறான், அதைவிடப் பாவம் உண்டா என்பார். கடைசி நாள் என்று சொன்னால் கடைசி நாள்தான். காலண்டரில் இன்றைய தேதியை வட்டமிட்டு 'குடி மாற்றம்' என்று எழுதியிருந்தார்.

"ஊருக்கெல்லாம் உபதேசம். இன்னிக்கு யாரு முன்கூட்டிக் கிளம்பினது?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

மகள் உள்ளே வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எதையும் வரிசைப்படுத்திவிடுவாள். "அம்மா, நாலு மணிக்கு வண்டி சொல்லியாச்சு. என்னது அது, போனு?"

விஷயத்தைச் சொன்னாள்.

"போனா போகட்டும்மா. இப்ப எல்லாம்தான் போன்லயே வருதே. அத யாரு பாக்கறா?"

இதே வார்த்தையை டைம்கீப்பரம்மா பத்தொன்பது வருஷமாகச் சொல்லியிருக்கிறாள், காலையில் ஒரு தரம், ராத்திரியில் ஒரு தரம். இன்று இன்னொருத்தி வாயிலிருந்து கேட்டதும் சுருக்கென்றது.

"நான் சொல்லலாம். நீ சொல்லாத."

"அம்மா..."

"அவர் பத்தொம்போது வருஷம் எழுதினது. நான் ஒரு வரி படிச்சதில்ல. படிக்காமலே அழிஞ்சு போகணுமா? அந்தக் கம்ப்யூட்டர இங்க தூக்கிட்டு வா. அவர் பக்கத்துலயே வை."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து தலைமாட்டில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்தாள். கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. புருஷன் இப்படிக் கிடக்கிறான், இவளைப் பார்த்தியா என்று ஒருத்தி இன்னொருத்தியின் விலாவில் இடித்தாள். டைம்கீப்பரம்மா காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவருடைய போனிலிருந்தே அந்த நாலாவது கம்பெனியைக் கூப்பிட்டாள். ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள்.

"வணக்கம் சார்! மணி ஒண்ணு ஐம்பத்திரெண்டு சார்" என்று சிரித்தது ஒரு பெண் குரல்.

டைம்கீப்பரம்மா போனை மறு காதுக்கு மாற்றினாள். "நான் அவர் வீட்டுக்காரம்மா பேசறேன். அவர் இன்னிக்குக் காலைல தவறிட்டாரும்மா" என்றாள்.

"போன வாரம்கூடக் கூப்பிட்டாரேம்மா" என்றது குரல். மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அழாத கண்ணு. நல்ல சாவுதான். எனக்கு இப்ப உன் ஒத்தாசை வேணும். ஆறு மணிக்குள்ள இத உங்க வீட்டுக்குக் கொண்டாந்துடணும்."

"கண்டிப்பா பண்ணிடலாம்மா. சாரோட பாஸ்வேர்டு தெரியுமா?"

டைம்கீப்பரம்மாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவர் எதையும் சத்தம் போட்டு அறிவிக்காமல் செய்யத் தெரியாதவர். பரம ரகசியம் என்று அவர் காப்பாற்றிய பாஸ்வேர்டையும், ஒவ்வொரு எழுத்தாகக் கூவிக்கொண்டேதான் தட்டுவார். வாசலில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். "பெரிய கே, சின்ன ஆர், நாலு, ஏழு, ஒரு நட்சத்திரம்..." என்று அவர் கூவும் அதே ராகத்தில் இவள் சொல்லச் சொல்ல, மகள் தட்டினாள். பதினோராவது எழுத்தில் கதவு திறந்தது.

அந்தப் பெண் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தாள். பழைய இடத்தில் இருப்பதை மொத்தமாக ஒரு மூட்டையாகக் கட்டி, இந்தக் கம்ப்யூட்டர் வழியாகப் புது இடத்தில் இறக்க வேண்டும். சாமான் அதிகம், இரண்டு மணி நேரமாவது ஆகும். இறங்கி முடிந்ததும் முகவரியை மாற்றிவிடும் பட்டனை அழுத்த வேண்டும். அது ஆறு மணிக்குள் நடக்க வேண்டும். "நடுவுல மட்டும் யாரும் கம்ப்யூட்டர அணைச்சுடாம பாத்துக்கோங்கம்மா. அணைஞ்சா மறுபடி முதல்லேர்ந்து வரணும். அப்புறம் நேரம் பத்தாது."

இரண்டு பத்துக்கு மூட்டை நகர ஆரம்பித்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் சக்களத்தி. வந்தவர்கள் கையைப் பிடித்தார்கள், அழுதார்கள், பழைய கதை சொன்னார்கள். அவளும் சொன்னாள். நடுநடுவே திரையைப் பார்த்தாள். பன்னிரண்டு சதவீதம். முப்பது. ஐம்பத்தாறு.

வந்தவர்களில் ஒரு நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலையாம். இவளுக்கு முன்பின் தெரியாது. "அஞ்சு பத்து வண்டிய விட்டா எனக்கு ஆறரைக்குத்தான் அடுத்ததும்மா. தினம் சார் எழுதினதப் பாத்துட்டுத்தான் டூட்டிலேர்ந்து இறங்குவேன். இன்னிக்குப் புதுசா ஒண்ணும் எழுதலையேன்னு விசாரிச்சேன். அப்பத்தான் சொன்னாங்க" என்றாள்.

டைம்கீப்பரம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வண்டி வந்து வாசலில் நின்றது. திரையில் எண்பத்தொன்பது. கூடவே 'ஹாரன்' உள்ளே வந்தார். அவரோடு பஸ் நிலையத்தில் வேலை பார்த்த டிரைவர். மெதுவாகப் பேசவே வராது என்பதால் அந்தப் பேர். இன்று அவருக்கே குரல் எழும்பவில்லை.

"அண்ணி, கேள்விப்பட்டேன். வண்டிக்காரன்கிட்ட நான் சொல்றேன், இருபது நிமிஷம் நிக்கட்டும். முடிச்சுட்டே கிளம்பலாம்."

இருபது நிமிடம். யார் கேட்கப் போகிறார்கள்? அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. வீட்டை விட்டுப் போன பிறகு கரண்டு போனால்? யாராவது காற்றாடிக்காகப் பிளக்கைப் பிடுங்கினால்? பத்தொன்பது வருஷமும் போச்சு. கையில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இன்னும் நாலு நிமிடம். அவர் கன்னத்தில் சவரம் செய்யாத ஒரு நாள் தாடி இருந்தது. மற்றபடி, பஸ் நிலையத்து அறைக்குள் நின்று ஜன்னல் வழியாக வண்டியைப் பார்க்கும்போது இருக்கும் அதே முகம்தான்.

"வேண்டாம்" என்றாள். "நாலுன்னா நாலு. அவர லேட்டா அனுப்பி அந்தப் பேர நான் வாங்கிக்க மாட்டேன்."

எழுந்து போய், பீரோ பின்னாலிருந்த ஒரு தகரப் பலகையை எடுத்து வந்தாள். ஓய்வு பெற்ற அன்று அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது. 'இந்த வண்டி இப்போது புறப்படாது' என்று சிவப்பில் எழுதியிருக்கும். அதைக் கம்ப்யூட்டர் பிளக்கின் மேல் மாட்டினாள். ஹாரன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

கடிகார முள் நாலைத் தொட்டபோது வண்டி நகர்ந்தது.

மயானத்திலிருந்து திரும்பி வரும்போது ஐந்து இருபத்தைந்து. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். அறையில் கட்டில் வெறுமையாக இருந்தது. ஸ்டூலில் திரை கருப்பாக இருந்தது.

"போச்சு" என்று நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். காலையிலிருந்து வராத ஒரு பயம் வந்தது. அவர் இரண்டாம் தரமும் போய்விட்டார் என்றிருந்தது. மகள்தான் போன் போட்டாள்.

"மவுச கொஞ்சம் ஆட்டிப் பாருங்கம்மா" என்றாள் அந்தப் பெண். "சில சமயம் திரை மட்டும் தூங்கிடும்."

ஆட்டினாள். வெளிச்சம் வந்தது. நூறு சதவீதம்.

"தூங்கித்தான் இருக்கு" என்றாள் டைம்கீப்பரம்மா. "இதாவது எழுந்துச்சே."

மகள் பின்னாலிருந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள்.

பட்டனைக் காட்டிக்கொடுத்தாள் அந்தப் பெண். அழுத்தியது டைம்கீப்பரம்மா. "அவ்ளோதாம்மா. வந்துட்டீங்க. ஒரு விஷயம், உடனே எல்லாருக்கும் புது இடம் தெரியாது. சில பேர் போன்ல பழசே காட்டும். நாளைக்குள்ள ஒவ்வொருத்தருக்கா வந்துடும்."

"சரி கண்ணு. இப்ப மணி என்ன?"

"அஞ்சு நாப்பத்தொண்ணும்மா." கொஞ்சம் தயங்கி, "கடிகாரத்த சரி பண்ணிட்டோம்மா. சார் பேசின அன்னிக்கே" என்றாள்.

கையில் பார்த்தாள். ஐந்து நாற்பத்தொன்று.

திரையில் 'இன்றைய நிலவரம்' கட்டத்தில் இன்றைய தேதிக்கு நேரே காலியாக இருந்தது. மகள், "அப்பா காலமான செய்தியப் போட்டுடட்டுமாம்மா?" என்று விசைப்பலகைக்குக் கையைக் கொண்டுபோனாள். டைம்கீப்பரம்மா அவள் கையை விலக்கினாள். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். அவரைப் போலவே ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள்.

'4.00 வண்டி. சரியான நேரத்துக்குப் புறப்பட்டது.'

வாசலில் உட்கார்ந்திருந்த ஹாரன் தன் போனை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். "அண்ணி, மாத்திட்டதா சொன்னீங்க. எனக்கு இன்னும் நேத்து அண்ணன் எழுதினதுதான் தெரியுது."

வாங்கிப் பார்த்தாள். 'நாளை காலை 5.10 வண்டிக்குப் புது டிரைவர். மெதுவாகத்தான் வருவார். யாரும் கோபிக்க வேண்டாம்.'

"தெரியட்டும்" என்றாள். "உங்களுக்கு நாளைக்கு வரும். அவசரம் ஒண்ணுமில்ல."

ஹாரனின் போனை மேசைமேல் வைத்தாள். தன் போனில் தான் எழுதின வரியைத் திறந்து அதன் பக்கத்தில் வைத்தாள். சின்ன மேசை, இரண்டு போனுக்கே சரியாக இருந்தது. மகள் டீ கொண்டுவந்தாள். டம்ளரை வைக்க இடம் பார்த்தவள், எதையும் நகர்த்தாமல், சுடச்சுட அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.