பெயர் எழுத வேண்டிய கட்டம்

1

"என்னப் பத்தியும் அதுல எழுதுவியா, செல்வி?"

டாக்டர் பரீஹா ஒரு நாள் என்னிடம் இப்படிக் கேட்டார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, என் மடியிலிருந்த நோட்டைப் பார்த்துக் கேட்டார். நான் நோட்டை மூடிக்கொண்டேன். எனக்குப் பதில்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன ஒரு நாளோடு நான் அங்கே போவதை நிறுத்திவிட்டேன்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. அவர் கேட்டு ஒரு மாதத்துக்குள் அவரைப் பற்றி எழுதியும் விட்டேன். ஆனால் இந்த நோட்டில் இல்லை, வேறொரு தாளில். அதனால்தான் இப்போது இதில் எழுத வேண்டியிருக்கிறது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"பரபரப்பான மும்பை மாநகரின் ஒரு காலை வேளையில்..." [வேண்டாம். தாராவியிலேயே பிறந்தவளுக்கு எது மாநகரம்?]

"டாக்டர் பரீஹா ஒரு தேவதை." [அடித்துவிட்டேன். தேவதைக்கு ரயில் பாஸ் தேவைப்படாது.]

"அப்பாவின் வலது கால் பெருவிரல்" [முடிக்கவில்லை. ஆனால் இதுதான் சரியான இடம்.]

என் அப்பா பூலோகம், பெல்ட்டுக்குப் பக்கிள் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போயிருந்தது. ஒரு நாள் செருப்புக்குள் இரும்புச் சில்லு ஒன்று விழுந்தது. அதோடேயே சாயங்காலம் வரை நடந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோதுதான் ரத்தத்தைப் பார்த்தோம். அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் நகராட்சி ஆஸ்பத்திரி. முதலில் கேஸ் பேப்பர்* வரிசை, பிறகு பதினான்காம் நம்பர் அறை, புண்ணுக்குக் கட்டு.

(*கேஸ் பேப்பர் என்பது ஒரு சீட்டு. அது கையில் இல்லாவிட்டால், டாக்டர் உங்களைப் பார்த்திருந்தாலும் பார்த்ததாக ஆகாது.)

அந்த அறையில் எத்தனையோ பேர் அப்பாவின் காலைத் தொட்டார்கள். "பாபா, இதர் பைட்டோ" என்று இந்தியில் உட்காரச் சொல்வார்கள். முதல் நாள் வலியில் அப்பா "எம்மா" என்று முனகியதும் ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஊரு எது மாமா?"

"தென்காசிப் பக்கம், தாயி."

"எங்க வாப்பாவுக்குக் கடையநல்லூரு. நாங்க டிராம்பேல இருக்கோம். எம்பேரு பரீஹா."

அந்த ஆஸ்பத்திரியில் தன் பெயரை எங்களிடம் சொன்னவர் அவர் ஒருவர்தான். [இந்த வரியை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று நிறைய நேரம் யோசித்தேன். இங்கேயே இருக்கட்டும். கதை இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.]

3

எழுத எழுத அவரை நல்லவராகவே ஆக்கிக்கொண்டு போகிறேனோ என்று சந்தேகம் வருகிறது. அதனால் இதையும் சொல்கிறேன்: அவர் கத்துவார். ஒரு நாள் அப்பாவின் சட்டைப் பையில் எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டார்.

"மாமா, இது என்ன?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கி ஜிலேபி வாங்கினேன், தாயி."

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கி வாங்கினது ஒங்க மீசையில எப்படி ஒட்டிச்சி?"

அறையில் இருந்த தமிழ் ஆட்களெல்லாம் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலைத் தட்டில் எறிந்தார்.

"முந்தாநேத்துலேருந்து நான் வீட்டுக்குப் போகல. இந்த விரல வெட்டக் கூடாதுன்னு நின்னுட்டிருக்கேன். நீங்க ஜிலேபி திங்கிறீங்க."

அப்பா அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். "இவ்வளவு வேல வாங்குதாவள்லா. சம்பளமாவது நல்லாத் தாராவளா?"

"சம்பளம் இல்ல மாமா, ஸ்டைபண்டு. மூணு மாசமா அதுவும் வரல. ரயில் பாசு வாப்பாதான் எடுத்துத் தாராவ."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"சம்பளம்னா கேக்கலாம். இதக் கேட்டா, நீ படிக்க வந்தவதானேங்கிறாங்க. ராத்திரி முழுக்க வார்டுல நிக்கும்போது மட்டும் டாக்டரு."

அப்பாவுக்கு அது உடனே புரிந்துவிட்டது. "எங்க பட்டறையில ஒரு சனிக்கிழம கூலி வரலன்னா திங்கக்கிழம மிஷினு ஓடாது" என்றார்.

அன்று அறையில் கட்டுத் துணி தீர்ந்துபோயிருந்தது. அவர் தன் கைப்பையிலிருந்து ஒரு சுருள் எடுத்துக் கட்டினார். அன்றுதான் என் நோட்டைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

4

இந்தப் பகுதியை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சி டாக்டர்கள் ஸ்டைபண்டு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். வெள்ளைக் கோட்டோடு நாற்பது பேர் ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மழை. அப்பா தன் காலைப் பிளாஸ்டிக் பையில் கட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் பரீஹா கையிலிருந்த கோரிக்கை அட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஈரம் படாமப் பாத்துக்கோங்க மாமா. எமர்ஜென்சியில ஆளு இருக்கு, அங்க காட்டுங்க."

"நீங்க உக்காந்திருக்கது நியாயந்தான், தாயி" என்றார் அப்பா. "ஆனா அத என் காலுக்கு எப்படிச் சொல்ல?"

அவர் திரும்பிப் போய் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

எமர்ஜென்சியில், வெறும் கட்டுதானே, பதினான்காம் அறைக்குப் போ என்றார்கள். அது பூட்டியிருந்தது. ஆறாம் ஜன்னலில் கேட்டால் ஒன்பது என்றார்கள். ஒன்பதாம் ஜன்னல்காரர் சாப்பிடப் போயிருந்தார். புதன்கிழமையும் இதே சுற்று. வியாழக்கிழமை காலில் வாடை வந்தது. பெரிய டாக்டர் ஒருவர் எட்ட நின்று பார்த்துவிட்டு, கறுத்துக்கொண்டு வருகிறது, சனிக்கிழமை விரலை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பதாம் ஜன்னல் முன்னால் கூட்டம் சத்தம் போட்டது. ஜன்னல்காரர் ஒரு படிவத்தை வெளியே தள்ளினார். புகார் இருந்தால் எழுதிக் கொடுங்கள், கத்தினால் ஒன்றும் நடக்காது என்றார். படிவம் கை மாறி மாறிச் சுற்றியது. யாரும் எழுத முன்வரவில்லை.

"எம்மவ எழுதுவா" என்றார் அப்பா.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"கோலப் புத்தகம்னு மேல எழுதி அரிசி டிரம்முக்குப் பின்னால வச்சிருக்கா. எனக்கு வாசிக்க வராது. ஆனா உள்ள இருக்கது கோலம் இல்லன்னு தெரியாதா?"

வரிசையில் முன்னால் நின்ற சொர்ணம்மாள் அக்கா என் கையில் பேனாவைத் திணித்தார். நான் சுவரில் தாளை வைத்து இந்தியில் எழுதினேன். மூன்று நாளாக அறை பூட்டிக் கிடக்கிறது, கட்டுத் துணி இல்லை, என் அப்பாவின் விரல் போகப் போகிறது. நான் எழுத எழுத ஒருவர் வாசித்துச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். என் எழுத்தை முதன்முதலாகப் பத்துப் பேர் கேட்டார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன். [கிழித்த நாலு தடவையும் இந்த வரியைத்தான் விட்டுவிட்டிருந்தேன்.]

ஜன்னல்காரர் தாளைத் திருப்பித் தள்ளினார். சம்பந்தப்பட்ட ஊழியர் பெயர் என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"நாம் லிகோ. நாம் கே பினா நஹி சலேகா."

பெயர் இல்லாமல் நடக்காதாம். பெரிய டாக்டரின் பெயர் தெரியாது. துணி வாங்க வேண்டியவர் யார், ஸ்டைபண்டை நிறுத்தி வைத்தவர் யார், எதுவும் தெரியாது.

"அந்தத் தமிழ் டாக்டரு பேரு ஒனக்குத் தெரியும்லா" என்றார் சொர்ணம்மாள் அக்கா. "சும்மா போடு பிள்ள. ஒரு பேருதான கேக்கான்."

போட்டேன்.

5

வெள்ளிக்கிழமை மாலை ஏதோ உறுதி கொடுத்து வேலைநிறுத்தம் முடிந்தது. சனிக்கிழமை பரீஹா அப்பாவின் காலைப் பார்த்தார். பெரிய டாக்டரிடம் போய், நாலு நாள் கொடுங்கள், அதற்குப் பிறகு வெட்டலாம் என்று கேட்டார். நாலு நாளும் தன் சாப்பாட்டு நேரத்தில் வந்து புண்ணைச் சுத்தம் செய்தார். விரல் இன்று இருக்கிறது. நகம்தான் இல்லை.

அடுத்த வாரம் கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நாப்பது பேரு உக்காந்தோம், மாமா. மெமோ வந்தது எனக்கு மட்டுந்தான். யாரோ என் பேரப் போட்டு எழுதிக் குடுத்திருக்காங்க. இருவது நாளு கூட வேல பாக்கணும். சர்டிபிகேட்டு தள்ளிப்போகுது. மேல படிக்கிறதுக்குக் கடைசித் தேதி அதுக்குள்ள முடிஞ்சிரும்."

"அப்படின்னா?"

"ஒரு வருஷம் போச்சு."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இப்ப ஒண்ணும் சொல்லிராத பிள்ள. இன்னும் நாலு கட்டு பாக்கி இருக்கு."

[அப்பாவைக் கெட்டவராக எழுதவில்லை. அவருடைய விரல் அவருக்கு. நானும் சரி என்று தலையாட்டினேன்.]

மறுநாள் தனியாக ஒன்பதாம் ஜன்னலுக்குப் போனேன். புகாரைத் திரும்ப வாங்க வேண்டும் என்று இந்தியில் சொல்ல மூன்று முறை முயன்றேன். அதற்குப் படிவம் இல்லை என்றார். வெள்ளைத் தாளில் எழுதித் தரட்டுமா என்றேன். வெள்ளைத் தாளுக்கு நம்பர் போட முடியாதாம். நான் எழுதிக் கொடுத்ததை வாங்கி டீ கிளாசுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

6

இனி முடிவு. எழுதிப் பார்த்தவை:

நான் உண்மையைச் சொல்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே, "பரவால்ல, விரலு பொழைச்சிதே" என்கிறார். [இது எனக்காக நானே போட்டுக்கொண்ட கட்டு.]

அப்பா முந்திக்கொண்டு பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். [அவருக்கு எழுத வராது என்பது பரீஹாவுக்குத் தெரியும்.]

அந்த வெள்ளைத் தாள் மேலதிகாரியின் கைக்குப் போய், மெமோ ரத்தாகி [டீ கிளாசைப் பார்த்தவள் இதை எழுத முடியாது.]

யாரும் எதுவும் சொல்லாமல், நன்றி மட்டும் சொல்லி, காலம் போய் [இப்படித்தான் முடிந்திருக்கும், நான் நோட்டை எடுத்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால்.]

7

கடைசிக் கட்டு. அப்பா படுக்கையில் காலை நீட்டியிருந்தார். பரீஹா பழைய துணியைப் பிரித்துப் பார்த்து, "இனி நீங்க வர வேண்டாம் மாமா" என்றார். கையைக் கழுவிக்கொண்டு வந்ததும் நான் நோட்டைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். பக்கத்தில் இரண்டே வரிகள் இருந்தன.

"என்னப் பத்தியும் எழுதுவியா என்று கேட்டீர்கள். அந்தப் படிவத்தில் பரீஹா என்ற பெயரை எழுதியது நான்தான்."

"தமிழு எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன்" என்று சொல்லிக்கொண்டே வாங்கினார். அவர் படித்ததெல்லாம் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில். விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி உதட்டை அசைத்து வாசித்தார். முதல் வரி முடிந்தபோது லேசாகச் சிரித்தார். விரல் இரண்டாம் வரிக்கு இறங்கியது. அதற்குள் வெளியே சிஸ்டர் அவரைக் கூப்பிட்டார். விரல் ஒரு சொல்லில் நின்றது.

எந்தச் சொல்லில் நின்றது என்று நான் பார்த்தேன். அது அவர் பெயரில் நின்றதா, அதைத் தாண்டி நின்றதா என்பது எனக்குத் தெரியும். போன தடவை, தெரிந்த ஒரே விஷயத்தைக் காலிக் கட்டத்தில் எழுதினேன். இந்தத் தடவை எழுதப்போவதில்லை.

[                    ]

வாசிக்கிறவர்களே, உங்கள் பேனாவால் வேண்டுமானால் இதை நிரப்புங்கள். நிரப்பும் முன், உங்களுக்குத் தெரிந்த பெயர்கள் எத்தனை என்று ஒரு தரம் யோசித்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டர் மறுபடியும் கூப்பிட்டார். பரீஹா நோட்டை மூடினார். மேலட்டையில் இருந்த 'கோலப் புத்தகம்' என்பதை ஒரு நிமிடம் பார்த்தார். அதை ஸ்டூலில் வைத்துவிட்டு, தன் கைப்பையிலிருந்து ஒரு சுருள் துணி எடுத்து அப்பாவின் காலில் புதுக் கட்டுப் போட்டார். முடிச்சு இறுகாமல் இருக்கிறதா என்று உள்ளே ஒரு விரலை விட்டுப் பார்த்தார். கேஸ் பேப்பரில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு அவர் போய்விட்டார்.