உப்பு கொத்திய கோழி

தேவசகாயம் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை முடியும்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள்.

மாமல்லபுரத்துக் கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்குப் பழைய பைப் விற்பது அவன் பிழைப்பு. புகையிலையை அடைத்து வாயோரம் கவ்விக்கொள்வார்களே, அந்த மரப் பைப். செங்கல்பட்டு ரயில்வே காலனியில் இருந்த சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. தாத்தாமார் கடித்துத் தேய்த்த பைப்புகளைப் பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டுப் போனார்கள். அவற்றை வாங்கிச் சுத்தம் செய்து, ஏதோ ஒரு துரையின் பெயரைச் சொல்லி விற்பான். சடைமுடியோடு வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதில் புகையிலையைத்தான் அடைத்தார்கள் என்று நான் சத்தியம் செய்யத் தயாரில்லை.

சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை. உள்ளே இறுகிப்போன கரியைப் பேனாக்கத்தியால் சுரண்ட வேண்டும். பிறகு கல்லுப்பை அடைத்து, மரச்சாமானுக்கு பாலிஷ் போடுகிற ஸ்பிரிட்டை ஊற்றி வைத்தால், அத்தனை வருஷத்துப் புகையிலைச் சாறும் உப்பில் இறங்கிவிடும். மதுவிலக்கு வந்த பிறகு ஸ்பிரிட் வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது. குடிப்பதற்கென்றே அதை வாங்குகிறவர்கள் பெருகிவிட்டதால் கடைக்காரன் ஆயிரம் கேள்வி கேட்டான். அதனால் தேவசகாயம் ஊற்றிய ஸ்பிரிட்டையே வடித்து வடித்துத் திரும்ப ஊற்றினான். மாசக்கணக்கில் ஊறி அது செம்பழுப்பாகிவிட்டது. லாட்ஜில் யாரோ போட்டுவிட்டுப் போன பிராந்தி பாட்டிலில், லேபிளைக்கூடக் கிழிக்காமல், அதை அடைத்து வைத்திருந்தான். மூடி இறுக்கமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

அது எப்பேர்ப்பட்ட சரக்கு என்பது அவனுக்குத் தெரியும். மழைக்கு முன்னால் ஒரு நாள், ஊறிய உப்பைக் கொல்லையில் கொட்டினான். பக்கத்து வீட்டுக் குப்பம்மாவின் கோழி வந்து நாலு கொத்து கொத்தியது. கழுத்தைப் பின்னால் வளைத்து, காலை இழுத்து இழுத்து உதைத்து, அவன் கண் முன்னாலேயே அடங்கிவிட்டது. மீன் கூடை சுமந்து வந்த காசில் குப்பம்மா வாங்கிய முட்டைக் கோழி. அவள் வாய்க்கு யார் பதில் சொல்வது? "கோழிக்கு நோயி வந்துகீதுக்கா, யாரும் துன்னக் கூடாது" என்று சொல்லி, அவனே சவுக்குத் தோப்பில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து உப்பையும் குழி வெட்டித்தான் கொட்டினான். பாட்டிலைப் பரண்மேல் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தான். பொண்டாட்டி சாராளிடம்கூட மூச்சு விடவில்லை. அவளிடம் சொன்னால் கொல்லைப்புறமாகக் குப்பம்மாவுக்குப் போய்விடும் என்று பயம்.

சாராளுக்குப் பிள்ளை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பிரசவம் பார்க்கச் செய்யூரிலிருந்து மாமியார் காசியம்மாள் வந்திருந்தாள். மாமியாரும் மருமகனும் முகம் கொடுத்துப் பேசியது அவன் கல்யாணத்தோடு சரி. காசியம்மாளுக்கு உலகத்தில் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த டானிக்கைக்கூட முதலில் தான் ஒரு அளவு குடித்து, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்து பார்த்துவிட்டுத்தான் மகளுக்கு ஊற்றினாள். "உன் ஆத்தா என்ன, கவர்ன்மெண்டு டாக்டரா?" என்று தேவசகாயம் சாராளிடம் கேலி பேசினான்.

அன்று செங்கல்பட்டில் அவனுக்கு நல்ல வேட்டை. வெள்ளிப் பூண் போட்ட பைப் ஒன்று அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. பஸ்ஸில் அதைத் துண்டால் துடைத்து ரசித்துக்கொண்டே வந்தான். திருக்கழுக்குன்றத்தில் சின்னையன் ஏறினான். அவனுக்கும் அதே தெருதான்.

"இன்னா அண்ணாத்த, வூட்ல பிராந்தி பதுக்கி வெச்சிகீறியாமே! எங்களுக்கெல்லாம் கண்ல காட்ட மாட்டியா?"

"யார்ரா சொன்னது?"

"உன் மாமியாதான். நான் இங்க வரக் கெளம்பறப்போ என் சம்சாரத்தாண்ட சொல்லிகினு இருந்தாங்க. பரண்மேல இருந்து எடுத்தாங்களாம். சாராளுக்கு ஒடம்பு சில்லுனு கீதாம், ஜன்னி கண்டுடும், ரெண்டு மூடி குடுத்தா சரியாப் பூடும்னாங்க. பெத்தவளுக்குன்னுகூட எடுத்துக் குடுக்காம ஒளிச்சி வெச்சிகீறானேன்னு ஒரே திட்டு."

அது பிராந்தி இல்லை என்று சொல்ல வாயெடுத்தான் தேவசகாயம். சின்னையனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? மலைக்கோயிலுக்கு வந்த கூட்டம் மூட்டை முடிச்சோடு நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், போலாம் சார்! வூட்ல ஆபத்து சார்!" என்று கத்தினான். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். குடித்திருக்கிறான் என்று ஒரு அம்மாள் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வழி நெடுக அவன் கண்ணுக்குள் அந்தக் கோழிதான் நின்றது. சாராளின் கழுத்தை அப்படி நினைத்துப் பார்க்க மாட்டாமல் தலையை முன் சீட்டுக் கம்பியில் மோதிக்கொண்டான். ஒரு கோழிக்குக் காசு கொடுத்திருந்தால் தீர்ந்தது. ஒரே ஒரு வார்த்தை, அது விஷம் என்று வீட்டில் சொல்லியிருந்தால் தீர்ந்தது. கர்த்தரே, அவளை விட்டுவிடு என்று மனசுக்குள் மன்றாடினான். வேறு யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றும் கேட்டான்.

பஸ் நிற்கும் முன்பே குதித்தான். வெள்ளிப் பூண் பைப் பஸ்ஸிலேயே போய்விட்டது. மணலில் விழுந்து எழுந்து வீட்டுக்குள் பாய்ந்தபோது, சாராள் சுவரில் சாய்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாயா, இப்டி எரைக்க எரைக்க ஓடியார?"

"குட்ச்சியா? அந்த பாட்டிலு... குட்ச்சியா?"

"இல்லயே. அம்மாதான் மொதல்ல ஒரு கிளாஸ் குட்ச்சிப் பாத்தாங்க. ஒரே கசப்பா கீதாம். வயித்துல நின்னதுக்கு அப்பறம் ஒனக்குத் தரேன்னு சொல்லிட்டு, கொல்லையில காத்தாடப் படுத்துகினாங்க."

அவனுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்திலேயே போனது.

கொல்லையில், துணி காயும் கொடிக்குக் கீழே காசியம்மாள் கிடந்தாள். கழுத்து பின்னால் வளைந்திருந்தது. குதிகால் உதைத்த இடத்தில் மணல் பள்ளமாகியிருந்தது. அவன் தொட்டுத் தூக்கினான், "அத்தே, அத்தே" என்று உலுக்கினான். வாயில் அந்தப் பைப் நாற்றம் அடித்தது. மூச்சு இல்லை.

சத்தம் கேட்டு வேலியைத் தாண்டி ஓடிவந்தாள் குப்பம்மா. பார்த்ததும் மார்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, என் கோழி மாரியே இஸ்துகினு பூட்டாங்களே! இன்னா நோயிப்பா இது, தேவா?"

சாராள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். அம்மாவைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அவன் சொல்லப்போகும் பதிலுக்காக இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள்.

"நோயி இல்லக்கா" என்றான் தேவசகாயம். "கோழிக்கும் நோயி இல்ல."