அம்மாவின் கப்பல் ஆசை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைக்காட்சியில் பெரிய சுற்றுலாக் கப்பல் ஒன்றைக் காட்டினார்கள். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, "அடேயப்பா, எவ்ளோ பெருசு" என்றாள். அவ்வளவுதான். சொல்லிவிட்டுத் தலையணை உறையை உதறி மடித்து வைத்தாள்.

பக்கத்தில் இருந்த மூத்த மகன் அதைப் பிடித்துக்கொண்டான். அவன் தரை ஓடு செய்யும் கம்பெனியில் நிர்வாக அதிகாரி. ஓட்டைத் தவிர மற்ற எல்லாவற்றைப் பற்றியும் அங்கே கூட்டம் போடுவது அவன் வேலை. அம்மாவுக்கு ரொம்ப நாளாகக் கப்பலில் போக ஆசை என்று அன்று சாயங்காலத்துக்குள் தம்பிக்கும் தங்கைக்கும் செய்தி போய்விட்டது. மறுநாள் அது வாழ்நாள் ஆசையாக வளர்ந்தது. புதன்கிழமை வாக்கில் தங்கை, அம்மா பாவம், அப்பா இருந்தபோதே கேட்டிருக்கிறாள் என்று எழுதினாள். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவரிடம் அம்மா வாய்விட்டுக் கேட்டது ஒரு மிக்ஸி மட்டும்தான்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாலு நாள், மூன்று குடும்பமும் அம்மாவும் என்று பேச்சு உறுதியானது. 'கடலோடிகள்' என்று ஒரு வாட்ஸப் குழு தொடங்கினார்கள். அதில் அம்மாவைச் சேர்க்க எல்லோருக்கும் மறந்துவிட்டது.

முதல் கூட்டம் மூத்தவன் வீட்டுக் கூடத்தில் நடந்தது. டிவியில் கப்பலின் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டி அவன் விளக்கம் சொன்னான். ஜன்னல் வைத்த அறைகள் இரண்டுதான் மிச்சம் என்ற இடத்தில் விளக்கம் நின்றது. ஜன்னல் இல்லாவிட்டால் தனக்குத் தலைவலி வரும் என்றாள் தங்கை. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்குத்தான் காற்று வேண்டும் என்றான் தம்பி. அந்த ஜன்னல் திறக்கவே திறக்காது என்று மூத்தவன் சொன்ன பிறகும் இருவரும் அதை விடவில்லை. தம்பி இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட கார்களை நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, ஓடுகிற எந்த வண்டியையும் அவனால் முழுசாகப் பார்க்க முடியாது. உயிர்காக்கும் படகு எத்தனை, அதில் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அம்மா ஓரத்து நாற்காலியில் காப்பியோடு உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். குரலைக் கேட்டே ஒருவர் எதை விழுங்குகிறார் என்று சொல்லிவிடுவாள். அந்தக் கூடத்தில் மூன்று பேரும் எதையோ விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே அது வெளியே வந்தது. பிசியோதெரபிஸ்டாக இருக்கும் மகள்தான் முதலில் போன் செய்தாள். விடுமுறை வாரத்தில்தான் ஊரே வழுக்கி விழுமாம், கிளினிக்கை மூட முடியாதாம். "ஆனா அண்ணன் ஆசையா இருக்கான். நான் வேணாம்னா முகம் கோணிடும். உனக்கு மயக்கம் வரும்னு நீ சொல்லிடேன்மா" என்றாள்.

வியாழக்கிழமை தம்பி ஒரு பை ஆப்பிளோடு நேரிலேயே வந்தான். அவனுக்கு ஊஞ்சலில் ஆடினாலே குமட்டும். அதைப் போய் அண்ணனிடமும் அக்காவிடமும் எப்படிச் சொல்வது, காலத்துக்கும் கேலி செய்வார்கள் என்று மருகினான். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் என்று சொன்னால் காரியம் முடிந்துவிடும் என்பது அவன் யோசனை.

வெள்ளிக்கிழமை மூத்தவன் வந்தான். விடுமுறைக்குப் பிறந்த வீட்டுக்குப் போக இருந்த அவன் மனைவி இரண்டு நாளாக அவனோடு பேசவில்லை. "தம்பியும் தங்கச்சியும் துள்ளிக்கிட்டு நிக்கிறாங்க. ஆரம்பிச்சு வச்ச நானே எப்படிம்மா வேணாங்கறது? உனக்குத்தான் மூட்டுவலி இருக்கே."

"எனக்கு மூட்டுவலி இல்லையேடா."

"இருக்குன்னு சொல்லேன்."

ஆக, ஒரே வாரத்தில் பிள்ளைகள் மூவரும் ஆளுக்கொரு நோயை அம்மாவுக்குச் சீர் வைத்துவிட்டுப் போனார்கள். மூத்தவன் கூடவே கப்பல் கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தையும் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். சனிக்கிழமை காலை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அம்மா அதை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தாள். கட்டிலை அவர்களே விரித்துக் கொடுப்பார்களாம். மேல்தளத்தில் கடலைப் பார்த்தபடி சாய்வு நாற்காலிகள் போட்டிருந்தன. நாலு நாளும், இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தை அம்மா இரண்டு முறை படித்தாள். அதுவரை இல்லாத கப்பல் ஆசை அவளுக்கு அன்றைக்குத்தான் உண்மையிலேயே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கூட்டம். டிவியைக்கூடப் போடாமல், அம்மா ஏதோ சொல்ல வேண்டுமாம் என்று மூத்தவன் ஆரம்பித்தான். மூன்று பேரும் ஆவலோடு அவள் வாயைப் பார்த்தார்கள்.

"எனக்குப் போகணும்னு இருக்கு" என்றாள் அம்மா.

தம்பி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். தங்கைக்குத் திடீரென்று போனில் ஏதோ வேலை வந்தது.

"உங்க யாருக்கும் தோதுப்படலை, அது எனக்குத் தெரியும். நீங்க யாரும் வர வேணாம். நான் போயிட்டு வரேன்."

மூன்று முகங்களிலும் பள்ளிக்கூடம் விட்ட களை வந்தது. மரியாதைக்காக ஆளுக்கு ஒன்றரை நிமிடம் மறுத்தார்கள். அது முடிந்ததும் வேறு பயம் பிடித்துக்கொண்டது. பெற்ற தாயைத் தனியாகக் கப்பலேற்றி அனுப்பினார்கள் என்று நாலு பேர் சொல்ல மாட்டார்களா? துணைக்கு ஒரு நர்ஸை அமர்த்தலாம் என்றான் மூத்தவன். கூடப் போவது யார் என்று சீட்டுக் குலுக்கலாம் என்றான் தம்பி. சீட்டில் முதலில் அவன் பெயரையே எழுதலாம் என்றாள் தங்கை.

"உங்க அத்தையைக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள் அம்மா.

தங்கை போனைக் கீழே வைத்தாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை, அம்மாவின் நாத்தனார். பள்ளிக்கூடச் சீருடை தைத்தே காலத்தை ஓட்டிய, கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷி. அப்பாவைக் கிடத்தியிருந்த அன்று அத்தனை பேர் முன்னாலும், ஒரு மணி நேரம் முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் என் அண்ணன் பிழைத்திருப்பான் என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னவள். அம்மா ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நின்றது.

பிள்ளைகளுக்கு முன்னாலேயே அம்மா எண்ணைச் சுழற்றினாள்.

"கப்பல்ல ஒரு கட்டில் காலியா இருக்கு. வர்றியா?"

அந்தப் பக்கத்தில் தையல் மெஷின் ஓடி நின்றது. ஏன் தன்னைக் கூப்பிடுகிறாள் என்று நாத்தனார் கேட்டாள். பேசாமல் இருக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான், நாலு நாள் நிம்மதியாக இருக்கும் என்றாள் அம்மா. அந்தப் பக்கம் மெஷினை மூடி வைக்கும் சத்தம் கேட்டது.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றாள் நாத்தனார்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு மூன்று குடும்பமும் துறைமுகம் வரை வந்து கையசைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, கடமை தீர்ந்த வேகத்தில் திரும்பிப் போனது. கப்பலுக்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கட்டிலில் பையை வைத்துவிட்டு, சொன்ன சொல் தவறாமல் பேசாமலே இருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. கப்பல் கிளம்பும் முன் எல்லோரும் தளத்துக்கு வந்து லைஃப் ஜாக்கெட் போட்டுப் பழக வேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு அதில் கை எது, கழுத்து எது என்று பிடிபடவில்லை. நாத்தனார் வாங்கி, பழக்கதோஷத்தில் முதலில் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"இரட்டைத் தையல் போட்டிருக்கான்" என்றாள். பிறகு அதை அம்மாவுக்கு மாட்டிவிட்டு, குனிந்து இடுப்புப் பட்டையை இழுத்துக் கட்டினாள். நிமிராமலே சொன்னாள்: "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணி."

"நீ சொன்னது நிஜம்தான். ஒரு மணி நேரம் லேட்தான்."

நாத்தனாரின் கை நின்றது.

"நெஞ்சு வலிக்குதுன்னவர், கசங்கின சட்டையோட டாக்டரைப் பார்க்க மாட்டேன்னு உட்கார்ந்துட்டார். அயர்ன் பண்ணிக் கொடுத்தேன். அது வேணாம், வேற சட்டைன்னார். அதையும் அயர்ன் பண்ணேன்."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"செத்துக் கிடக்கிற மனுஷனை நாலு பேர் முன்னாடி எப்படி விட்டுக்கொடுக்கிறது?"

நாத்தனார் பட்டையின் நுனியைப் பிடித்தபடியே நின்றாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. சின்ன வயதிலும் அண்ணன் அப்படித்தான், பரீட்சைக்கே சட்டை காயவில்லை என்று போகாமல் இருந்தவன் என்று அவள் சொன்னபோது இரண்டுமாக இருந்தது.

"கடைசியா எந்தச் சட்டை போட்டுக்கிட்டார்?"

"நீ தைச்சுக் கொடுத்தது. நீலக் கோடு."

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "அதுல காலர் கொஞ்சம் பெருசாப் போச்சு அண்ணி."

"அவரும் அதைத்தான் சொன்னார்" என்றாள் அம்மா.

பயிற்சி முடிந்து ரொம்ப நேரமாகிவிட்டது, ஜாக்கெட்டைக் கழற்றலாம் என்று ஒரு பணிப்பெண் வந்து சொல்லும் வரை இருவரும் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கரை ரொம்ப தூரம் போயிருந்தது. கப்பல் எப்போது கிளம்பியது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.